ஒரு சோறு பதம்: பயிற்றுநரைத் தேடிச் செல்லும் காணொலி

2019ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கொல்கத்தா நகரத் தெரு ஒன்றில் எடுக்கப்பட்ட சில நொடிக் காணொலி ஒன்று உலகெங்கும் பரவியது. பள்ளிச் சீருடை அணிந்த ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும், புத்தகப்பையைத் தோளிலிருந்து இறக்காமலேயே, சாலையின் நடுவே குட்டிக்கரணம் போட்டு நேராக நின்ற காட்சி அது. அவர்கள் இருவரும் நடனம் பயின்றுவந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள். முறையான ஜிம்னாஸ்டிக்ஸ் அரங்கில் பயின்றவர்கள் அல்லர்.

அந்தக் காணொலியை ருமேனியா நாட்டின் நாடியா கொமனேச்சி கண்டு பாராட்டினார். 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில், தம் பதினான்காம் வயதில், ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸ் வரலாற்றிலேயே முதன்முறையாக முழுமையான பத்து மதிப்பெண் பெற்றவர் அவர். அவருடைய பாராட்டு அன்றைய இந்திய விளையாட்டுத்துறை அமைச்சரின் கவனத்தை ஈர்த்தது. அந்தப் பிள்ளைகள் கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் கிழக்கு மண்டல மையத்திற்குத் திறன் தேர்வுக்காக அழைக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காணொலி அவர்களுக்குப் பதக்கம் தரவில்லை, இடமும் தரவில்லை. தேர்வு நடக்கும் அரங்கின் கதவை மட்டுமே அது திறந்தது. திறமையை நேரில் காட்டும் பொறுப்பு பிள்ளைகளிடமே இருந்தது. விளையாட்டுக் காணொலி எதைச் செய்ய வல்லது, எதைச் செய்ய இயலாது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே விளக்கிவிடுகிறது.

தொலைவும் தேவையும்

கொல்கத்தா, விளையாட்டை உயிராகக் கருதும் நகரம். மோகன் பகான் கழகம் 1889ஆம் ஆண்டிலும், ஈஸ்ட் பெங்கால் கழகம் 1920ஆம் ஆண்டிலும் இங்கே தோன்றின. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஆங்கிலேயப் படைப்பிரிவின் அணியை மோகன் பகான் 2–1 என்னும் கோல் கணக்கில் வென்றது. அவ்வணியின் வீரர்களுள் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். 2017ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து இறுதியாட்டம் சால்ட் லேக் விளையாட்டரங்கில் நடைபெற்றது. அதில் இங்கிலாந்து 5–2 என ஸ்பெயினை வென்றது. அந்த ஆட்டத்தை உலகின் பல நாடுகளைச் சேர்ந்த பயிற்றுநர்கள் கண்டனர்.

ஆனால், லேக் மார்க்கெட் பகுதியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தின் ஒரு மூலையில் ஆடும் ஆட்டத்தை யார் காண்பார்? அப்பிள்ளை பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ உள்ள கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர விரும்பலாம். ஹவுராவிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒரு நாளுக்கும் மேலான தொடர்வண்டிப் பயணம் அது. ஆட்டம் எப்படிப்பட்டது என்று அறியாமல், அத்தனை தொலைவிலிருந்து ஒருவரைத் தேர்வுக்கு அழைப்பதற்குக் கல்லூரிப் பயிற்றுநர் தயங்குவது இயல்பே.

பெற்றோரின் பணிமாற்றத்தால் ஊர்விட்டு ஊர் செல்லும் பிள்ளைகளுக்கு இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. எட்டாம் வகுப்பில் கற்பித்த பயிற்றுநர் ஓர் ஊரில் இருப்பார். பத்தாம் வகுப்பில் கற்பித்தவர் வேறோர் ஊரில் இருப்பார். வளர்ச்சி முழுவதையும் கண்ட ஒருவர் எங்கும் இல்லாமல் போகலாம். ஆண்டுதோறும் எடுத்துச் சேமித்த ஆட்டப் பதிவுகள் அந்தக் குறையை ஓரளவு நீக்கும்.

பயிற்றுநர் எதைப் பார்க்கிறார்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பானை முழுவதையும் கிளறாமல், ஒரு பருக்கையை அழுத்திப் பார்த்தே சோறு வெந்ததா என்று அறியலாம். பயிற்றுநரும் அவ்வாறே சில நிமிடக் காட்சிகளைக் கொண்டு ஓர் ஆட்டக்காரரின் பக்குவத்தை மதிப்பிட முயல்கிறார். அவரிடம் நாள்தோறும் பல காணொலிகள் வந்து சேரும். தொடக்கத்திலேயே திறமை புலப்படாவிட்டால், அவர் அடுத்த காணொலிக்குச் சென்றுவிடுவார்.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. சமையலறையில் பருக்கையை எடுப்பவர், எந்தப் பருக்கை கையில் வருகிறதோ அதை எடுக்கிறார். காணொலியிலோ, ஆட்டக்காரரே தம்முடைய மிகச் சிறந்த பருக்கையைத் தேடி எடுத்துத் தருகிறார். இதைப் பயிற்றுநர் நன்கு அறிவார். ஆகவேதான், சிறந்த காட்சிகளின் தொகுப்பு பிடித்துவிட்டால், வெட்டப்படாத முழு ஆட்டம் ஒன்றையும் அனுப்புமாறு அவர் கேட்கிறார். முழு ஆட்டத்தில் அவர் தேடுவது கோல்களை மட்டும் அன்று. பந்து காலில் இல்லாதபோது ஆட்டக்காரர் என்ன செய்கிறார், பந்தை இழந்தபின் திரும்பி ஓடுகிறாரா, தோழர் தவறு செய்தால் எப்படி நடந்துகொள்கிறார், ஆட்டத்தின் இறுதிப் பத்து நிமிடங்களில் களைத்து நின்றுவிடுகிறாரா என்பனவற்றை எல்லாம் அவர் உற்று நோக்குகிறார்.

படப்பதிவு

நல்ல பதிவிற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வீட்டில் உள்ள திறன்பேசியே போதும். ஆயினும் சில நெறிகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

முதலாவது, திறன்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்தல். நெட்டாகப் பிடித்தால் ஆடுகளத்தின் அகலம் காட்சிக்குள் அடங்காது.

இரண்டாவது, உயரம். தரையில் நின்று எடுத்தால் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் மறைத்துக்கொள்வர். பார்வையாளர் படிக்கட்டின் மேல்வரிசையோ, பள்ளிக் கட்டடத்தின் முதல் மாடியோ ஏற்ற இடமாகும். கால்பந்து, வளைகோல் பந்தாட்டம் ஆகியவற்றிற்கு நடுக்கோட்டின் நேரே உள்ள இடம் சிறந்தது.

மூன்றாவது, நடுக்கமின்மை. கையில் பிடித்து எடுக்கும் படம் ஆடும். முக்காலி ஒன்றில் பொருத்தினால் ஆடாது. முக்காலி இல்லாதபோது, சுவரின் மேலோ கைப்பிடிக் கம்பியின் மேலோ கையை ஊன்றிக்கொள்ளலாம்.

நான்காவது, வெளிச்சம். கதிரவன் படம் எடுப்பவரின் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். எதிரே இருந்தால் ஆட்டக்காரர்கள் நிழலுருவங்களாகவே தெரிவர். கொல்கத்தாவில் குளிர்காலத்து விடியற்காலை மூடுபனி பந்தையே மறைத்துவிடும். மழைக்காலத்துச் சேறு சட்டை எண்ணை மறைத்துவிடும். ஆகவே, மழைக்காலம் முடிந்தபின் நடைபெறும் ஆட்டங்களைத் தவறாமல் பதிவு செய்துவைப்பது நலம்.

ஐந்தாவது, ஒலி. ஆர்வ மிகுதியால் படம் எடுக்கும் உறவினர் கூச்சலிடுவதுண்டு. தந்தையின் குரலில் எழும் வசைச்சொல்லோ, நடுவரைப் பழிக்கும் சொல்லோ பயிற்றுநரின் செவியில் விழுந்தால், அது பிள்ளையின் மதிப்பைக் குறைக்கும். படம் எடுப்பவர் அமைதியாக இருக்க வேண்டும்; அல்லது, தொகுக்கும்போது ஒலியை நீக்கிவிட வேண்டும்.

இவற்றுடன், ஆட்டக்காரர் ஒருவரை மட்டும் அணுக்கமாகக் காட்டிக்கொண்டே இருத்தல் தவறு. அவரைச் சுற்றி யார் நின்றனர், எந்த வழி திறந்திருந்தது, அவர் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பது தெரிந்தால்தான் அவருடைய முடிவெடுக்கும் திறன் விளங்கும்.

தேர்ந்தெடுத்தலும் தொகுத்தலும்

தொகுப்பு மூன்று முதல் ஐந்து நிமிடங்களுக்குள் அமைதல் நன்று. முதற்காட்சி ஓர் அறிமுக அட்டையாக இருக்கலாம். அதில் பெயர், பிறந்த ஆண்டு, பள்ளி, வகுப்பு, உயரம், ஆடும் இடம், சட்டை எண் ஆகியவை இடம்பெறும். ஐந்து நொடிகளுக்கு மேல் அந்த அட்டை நிற்க வேண்டியதில்லை.

அதன்பின் மிகச் சிறந்த காட்சியே முதலில் வர வேண்டும். கதையில் உச்சக்கட்டம் இறுதியில் வருவது வழக்கம். இங்கே அந்த வழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஏனெனில் பயிற்றுநர் இறுதிவரை பார்ப்பார் என்பதற்கு உறுதி இல்லை.

ஆட்டக்காரரை அடையாளம் காட்டுதலும் இன்றியமையாதது. கொல்கத்தாச் சிறுவர் அணிகள் பலவும் பச்சை–மெரூன் அல்லது சிவப்பு–பொன்னிறச் சட்டைகளையே விரும்பி அணிகின்றன. இருபத்திரண்டு பேருள் ஒருவரைத் தேடுவது எளிதன்று. எனவே, ஒவ்வொரு காட்சியின் தொடக்கத்திலும் ஒரு நொடி படத்தை நிறுத்தி, ஆட்டக்காரரைச் சுற்றி ஒரு வட்டம் இட்டுக் காட்ட வேண்டும். ஆட்டம் ஓடத் தொடங்கியதும் வட்டம் மறைந்துவிட வேண்டும்.

பின்னணி இசை, மின்னும் எழுத்துகள், ஒரே கோலை நான்கு கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுதல் ஆகியவை தேவையற்றவை. மெதுவோட்டக் காட்சியும் பெரும்பாலும் தேவையில்லை; ஆட்டக்காரரின் உண்மையான வேகத்தையே பயிற்றுநர் அறிய விரும்புகிறார். ஒரே வகைத் திறனைப் பத்து முறை காட்டுவதைவிட, பந்தைத் தடுத்தல், கடத்துதல், தலையால் முட்டுதல், இடக்காலால் ஆடுதல் எனப் பலவகைத் திறன்களைக் காட்டுதல் பயன் தரும்.

விளையாட்டுக்கு ஏற்ற முறை

எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே முறை பொருந்தாது.

பூப்பந்து, மேசைப்பந்து ஆகியவற்றில் ஆட்டக்காரரின் பின்புறத்திலிருந்து, சற்று உயரத்தில் வைத்து எடுத்தால் களத்தின் இருபுறமும் தெரியும். துண்டு துண்டான காட்சிகளைவிட, வெட்டப்படாத ஒரு முழுச் சுற்று நம்பிக்கை தரும். கபடியில் பாடிச் செல்பவர் மட்டுமன்றி, எதிரணியின் எழுவரும் காட்சிக்குள் இருத்தல் வேண்டும். மட்டைப்பந்தில் பந்துவீச்சாளரை அவருடைய பின்புறத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் எடுக்க வேண்டும். பின்புறக் காட்சி பந்தின் திசையையும், பக்கவாட்டுக் காட்சி கை, கால்களின் அசைவையும் காட்டும். ஜிம்னாஸ்டிக்ஸில் தொடக்கம் முதல் தரையில் நிலைத்து நிற்கும் வரை இடையே வெட்டு இருத்தல் கூடாது. எப்படித் தரையிறங்கினார் என்பதே அங்கு முதன்மையான கேள்வி.

ஓட்டம், நீச்சல், தாண்டுதல் ஆகியவற்றின் நிலை வேறு. அங்கே காணொலியைவிட அளவீடே உரக்கப் பேசும். இதற்குத் தேஜஸ்வின் சங்கரின் வாழ்க்கை சான்றாகும். தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த அவர், 2016ஆம் ஆண்டு நவம்பரில் கோயம்புத்தூரில் நடைபெற்ற இளையோர் தேசியப் போட்டியில், உயரம் தாண்டுதலில் 2.26 மீட்டர் தாண்டிப் புதிய தேசியச் சாதனை படைத்தார். அப்போது அவர் பதினேழு வயதுப் பள்ளி மாணவர். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையுடன் சேர்ந்தார். 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்நாட்டுக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் உயரம் தாண்டுதலில் முதலிடம் பெற்றார். 2022ஆம் ஆண்டு பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலப் பதக்கமும், 2023ஆம் ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டெகாத்லான் போட்டியில் வெள்ளிப் பதக்கமும் வென்றார்.

ஒரு மாணவர் 2.26 மீட்டர் தாண்டினார் என்னும் செய்திக்கு எந்த நாட்டிலும் மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை. எனவே, தடகள வீரரும் நீச்சல் வீரரும் அலுவல் முறையில் பதிவான நேரத்தையும் தூரத்தையும் போட்டியின் பெயர், நாள், இடம் ஆகியவற்றுடன் முதலில் குறிப்பிட வேண்டும். அவர்களின் காணொலி, உடல் அசைவின் நுட்பத்தைக் காட்டும் துணையாக மட்டுமே அமையும்.

உண்மையின் மதிப்பு

கொல்கத்தாப் பிள்ளைகளின் காணொலி பரவிய அதே 2019 ஆகஸ்டில், மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஓர் இளைஞர் வெறுங்காலுடன் சாலையில் ஓடும் காணொலியும் பரவியது. நூறு மீட்டரை அவர் பதினோரு நொடிகளில் கடந்தார் என்று அதனுடன் ஒரு குறிப்பும் பரவியது. போபாலில் அவருக்குத் திறன் தேர்வு நடத்தப்பட்டது. மற்ற ஓட்ட வீரர்களுடன் ஓடிய அவர், ஏறத்தாழ 12.9 நொடிகளில் ஓடிக் கடைசி இடம் பெற்றார்.

அந்த இளைஞரைக் குறைகூற இதில் ஒன்றுமில்லை. திடீர்ப் புகழின் அழுத்தத்தில், பழக்கமில்லாத களத்தில், நாடே பார்த்திருக்க ஓடுவது எவருக்கும் கடினம். ஆனால், சாலையில் அளக்கப்பட்ட தூரமும் கையால் குறிக்கப்பட்ட நேரமும் துல்லியமானவை அல்ல என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. குறுவிரைவோட்டத்தில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு கூடப் பெரும் இடைவெளியாகும். உலகச் சாதனையாளரான உசேன் போல்ட் 2009ஆம் ஆண்டு பெர்லினில் பதிவு செய்த நேரம் 9.58 நொடிகள். நூறில் ஒரு பங்கு வரை அங்கே கணக்கிடப்படுகிறது.

ஆகவே, காட்சியின் வேகத்தைக் கூட்டுதல், உயரத்தை மிகைப்படுத்திக் கூறுதல், வயதைக் குறைத்துக் காட்டுதல், மற்றொருவர் அடித்த கோலைத் தம்முடையதாகச் சேர்த்தல் ஆகியவை நெறிக்குப் புறம்பானவை மட்டும் அல்ல, பயனற்றவையும் ஆகும். காணொலி அழைத்துச் செல்வது நேர்முகத் தேர்வுக்கே. அங்கே களமும் கடிகாரமும் உண்மையை உடனே சொல்லிவிடும்.

அனுப்பும் முறை

காணொலியுடன் ஒரு சுருக்கமான கடிதம் செல்ல வேண்டும். அக்கடிதத்தைப் பெற்றோரோ முகவரோ எழுதாமல் மாணவரே எழுதுதல் சிறப்பு. பயிற்றுநரின் பெயரைப் பிழையின்றிக் குறிப்பிடுதல், அந்தக் கல்லூரியை விரும்பும் காரணத்தை ஓரிரு வரிகளில் கூறுதல், பெற்ற மதிப்பெண்களையும் பங்கேற்ற போட்டிகளையும் குறித்தல், தற்போதைய பயிற்றுநரை அணுகும் வழியைத் தருதல் ஆகிய நான்கும் அதில் இருந்தால் போதும்.

இந்தியக் கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீட்டுச் சேர்க்கை பெரும்பாலும் போட்டிச் சான்றிதழ்களையும் நேரடித் திறன் தேர்வையும் அடிப்படையாகக் கொண்டது. எனவே, பள்ளி, மாவட்ட, மாநிலப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களின் மூலப்படிகளைப் பாதுகாத்தல் வேண்டும். ஊர் மாறும்போது தொலைந்துபோகும் பொருள்களுள் இவையும் அடங்கும்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளுள் பெரும்பகுதியை என்.சி.ஏ.ஏ. என்னும் அமைப்பு நெறிப்படுத்துகிறது. அது கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுக்கென உதவித்தொகை வழங்குவதில்லை. முதற்பிரிவில், பெரும்பாலான விளையாட்டுகளில், மாணவர் பத்தாம் வகுப்பை முடித்த ஆண்டின் ஜூன் 15ஆம் நாளுக்கு முன் பயிற்றுநர் தேர்வு தொடர்பாக மறுமொழி எழுதுதல் விதிக்கு மாறானது. ஆகவே, ஒன்பதாம் வகுப்பு மாணவரின் கடிதத்திற்கு விடை வராமை, மறுப்பு ஆகாது.

பாதுகாப்பிலும் கருத்துச் செலுத்த வேண்டும். வீட்டு முகவரியைக் காணொலியில் காட்டுதல் கூடாது. தொடர்பு எண் பெற்றோருடையதாக இருக்க வேண்டும். இணைப்பைப் பெற்றவர் மட்டுமே காணும் வகையில் காணொலியைப் பதிவேற்றலாம். பணம் தந்தால் இடம் உறுதி என்று கூறும் அறிமுகமற்றவர்களை நம்பலாகாது.

காத்திருக்கும் காலம்

அனுப்பிய காணொலிகளுள் பலவற்றிற்கு மறுமொழி வாராது. அதனால் ஆட்டம் குறைந்தது என்று பொருள் கொள்ள வேண்டியதில்லை. அந்த அணிக்கு அவ்வாண்டு கோல்கீப்பர் தேவைப்பட்டிருக்கலாம். அனுப்பியவர் முன்கள ஆட்டக்காரராக இருந்திருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை, ஜாம்ஷெட்பூர் அணிகளில் ஆடிய பின்னரே கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கு வந்தார். அவ்வணி 2019–20ஆம் ஆண்டு இந்தியன் சூப்பர் லீக் கோப்பையை வென்றது. கடற்கரை ஊரிலிருந்து கங்கைக் கரைக்கு வரும் வழி நேர்வழியாக அமையவில்லை.

காணொலி தயாரிக்கும் மாணவருக்கு, மறுமொழி வந்தாலும் வாராவிட்டாலும், ஒரு பயன் உறுதியாகக் கிட்டும். தம் ஆட்டத்தைத் தாமே வெளியிலிருந்து காணும் வாய்ப்பு அது. களத்தில் ஓடும்போது தெரியாத குறைகள் திரையில் தெரியும். வலக்காலையே நம்பியிருப்பதும், பந்து வரும்முன் சுற்றிப் பார்க்காமல் இருப்பதும், ஆட்டத்தின் பிற்பகுதியில் நடை தளர்வதும் அங்கே மறைவதில்லை. அவற்றைக் குறித்துக்கொண்டு மறுநாள் பயிற்சியில் திருத்துபவர், அடுத்த காணொலியில் வேறோர் ஆட்டக்காரராகத் தோன்றுவார். ஒரு பருக்கையை மட்டும் அழகுபடுத்துவதைவிட, பானை முழுவதையும் பக்குவமாக வேகவைப்பதே அறிவுடைமை.

அருஞ்சொற்பொருள்

பதம் – பக்குவம்
பருக்கை – சோற்றின் ஒரு மணி
இடர்ப்பாடு – துன்பம், தடை
கிடைமட்டம் – படுக்கைவாட்டு நிலை
மூலப்படி – முதலில் வழங்கப்பட்ட உண்மைப் படி
மறுமொழி – பதில்

பயிற்சி வினாக்கள்

1. "ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்னும் பழமொழி விளையாட்டுக் காணொலிக்கு எவ்வாறு பொருந்துகிறது? எவ்விடத்தில் பொருந்தவில்லை?
2. தடகள வீரருக்குக் காணொலியைவிட அளவீடு முதன்மையானது ஏன்?
3. பணிமாற்றத்தால் ஊர் மாறும் மாணவருக்கு ஆட்டப் பதிவுகள் எவ்வாறு உதவும்?
4. விரும்பும் விளையாட்டு ஒன்றைத் தேர்ந்து, அதற்கான அறிமுக அட்டையைத் தமிழில் எழுதுக.
5. கல்லூரிப் பயிற்றுநர் ஒருவருக்குப் பத்து வரிகளுக்கு மிகாமல் கடிதம் வரைக.